தேயிலை விலையும் எம்.எல்.ஏ. பதவியும்: மலை விவசாயி கோட்டைக்குப் போகும் பாதை

"நம்ம தோட்டக்காரன் ஒருத்தன் சட்டசபைக்குப் போயிட்டான்னா, பச்சைத் தேயிலைக்கு விலை தானா ஏறிடும்." தேர்தல் நெருங்கினால் கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு தவறாமல் காதில் விழும். இதில் பாதி நியாயம், பாதி ஆசை. ஒரு விவசாயி எந்த வழியாக எம்.எல்.ஏ. ஆகிறார், ஆன பிறகு அவர் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்பது தெரிந்தால் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம். முதல் முறை ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். விவரம் தெரிந்த பெரியவர்கள் நடுப்பகுதிக்கு நேராகத் தாவலாம்.

தமிழ்நாட்டில் மொத்தம் 234 சட்டமன்றத் தொகுதிகள். நீலகிரி மாவட்டத்துக்கு மூன்றே மூன்றுதான்: உதகமண்டலம், குன்னூர், கூடலூர். 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு கூடலூர் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. ஆகவே கூடலூரில் தோட்டம் வைத்திருக்கும் மற்ற சமூகத்தவர் அங்கே ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. நிற்க ஆசைப்பட்டால் ஊட்டிக்கோ குன்னூருக்கோ போக வேண்டும். அதற்குத் தடை எதுவும் இல்லை. மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் எந்தப் பொதுத்தொகுதியிலும் போட்டியிடலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. ஆனால் மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு தொகுதிகளும் (ஏற்காடு, சேந்தமங்கலம்) வேறு மலைப்பக்கம் இருக்கின்றன.

நீலகிரிக்காவது மூன்று இருக்கிறது. கொடைக்கானலுக்கென்று தனித் தொகுதியே கிடையாது, அது பழனித் தொகுதிக்குள் அடக்கம். பூம்பாறை விவசாயி மலைப்பூண்டை மூட்டை கட்டிக்கொண்டு போவது தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்கு. ஓட்டுப் போடுவதோ திண்டுக்கல் மாவட்டத்துப் பழனிக்கு. அடிவாரத்து நெல், கரும்பு, கோயில் கூட்டம் எல்லாவற்றையும் தாண்டி மலைமேல் இருக்கிறவர் குரல் அங்கே கேட்க வேண்டும். மலைக்காரர்கள் தேர்தல் கணக்கில் எப்போதும் கொஞ்சம் பின்தங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

'விவசாயி' என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தர வேண்டும். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு, தொழில் எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியவர்களை எண்ணிப் பாருங்கள், மாநிலத்தில் இத்தனை உழவர்களா என்று மலைத்துப் போவீர்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பது உங்களுக்கே தெரியும், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அசையாச் சொத்துப் பகுதியில் நிலத்தின் சர்வே எண்ணும் பரப்பும் இருக்கும். இரண்டு ஏக்கர் தேயிலையும் சொசைட்டிக் கடனும் காட்டியிருப்பவருக்கும், ஐந்து ஊர்களில் நிலமும் மூன்று கம்பெனியில் பங்கும் காட்டியிருப்பவருக்கும் தொழில் ஒரே பெயரில்தான் இருக்கும்.

சரி, நிஜமாகவே தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் எங்கிருந்து தொடங்குகிறார்? பெரும்பாலும் தராசிலிருந்து.

ஊர் முனையில் இலை ஏஜென்ட் வண்டி நிற்கும். காலையிலிருந்து பறித்த இலை சாக்கில் வந்து இறங்கும். தராசு 42 கிலோ காட்டும். "ஈர இலைண்ணா, நாலு கழிச்சுடறேன்" என்பார் ஏஜென்ட். "நேத்து வெயில்லயும் நாலுதானே கழிச்சே?" என்று எதிரே நிற்பவர் கேட்பார். சாக்குக்கு ஒன்று, தண்டு முற்றியதற்கு ஒன்று என்று பேரம் நடந்து கடைசியில் 38 என்று சீட்டில் ஏறும். அதற்கு என்ன விலை என்பது அந்தச் சீட்டில் இருக்காது. மாதம் முடிந்து ஃபேக்டரி சொல்லும்போதுதான் தெரியும். தான் விற்ற பொருளின் விலையைத் தெரியாமலே விற்கும் விவசாயி இவர். 'நமக்கென்று ஒரு ஃபேக்டரி இருந்தால்?' என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அந்தக் கேள்வியின் விடைதான் கூட்டுறவு.

நீலகிரியில் அந்தப் பாதை ரொம்பப் பழையது. உபதலை ஊரைச் சேர்ந்த எச்.பி. ஆரி கவுடரைப் பற்றி இங்கே சொல்லாமல் முடியாது. 1893-ல் பிறந்தவர். படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரி. அவருடைய அப்பா பெள்ளி கவுடர் மலை ரயில் பாதைக் கட்டுமானத்தில் ஒப்பந்தக்காரர், ஆகவே ஒட்டாண்டி விவசாயி கதை அல்ல இது. வசதியான வீட்டுப் பிள்ளை. 1933-ல் ஹங்கேரியில் நடந்த உலகச் சாரணர் விழாவுக்கு இந்தியச் சாரணர்களை அழைத்துச் சென்றவர். 1920களிலேயே சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்துவிட்டார். அந்தக் காலத்தில் அதைக் கவுன்சில் என்பார்கள். படுகர்களில் முதல் சட்டமன்ற உறுப்பினரும் அவரே.

அவர் வாழ்க்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வரிசை. வழக்கமாகச் சங்கத்தில் தலைவராகி, அந்தச் செல்வாக்கில் சட்டசபைக்குப் போவார்கள். இவர் சட்டசபையைப் பார்த்த பிறகு, 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை (சுருக்கமாக என்.சி.எம்.எஸ்.) தொடங்கினார். அன்று மலையின் பணப்பயிர் உருளைக்கிழங்கு. மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். அங்கே விலை சொல்வது மண்டிக்காரர், முன்பணம் தந்தவரும் அவரே. முன்பணம் வாங்கியவன் விலை பேச முடியுமா? அந்தக் கண்ணியை அறுக்கச் சட்டசபைப் பேச்சு போதாது, மேட்டுப்பாளையத்திலேயே விவசாயிகளுக்கென்று ஒரு ஏலக்களம் வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் என்.சி.எம்.எஸ். என்ற பெயர் இன்றைக்கும் மேட்டுப்பாளையத்தில் கிழங்கு வியாபாரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1971-ல் இறக்கும்வரை அவர் வகித்த பதவிகள் பல, அவற்றில் மலை விவசாயி பெயர் சொல்லி நினைப்பது இந்தச் சங்கத்தைத்தான்.

கிழங்கின் காலம் பிறகு மாறியது. 1961-ல் நீலகிரி மண்ணில் உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது, விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு வந்தது. விலையும் ஏறி இறங்க, சரிவுகளில் தேயிலை பரவியது. கூட்டுறவும் கூடவே மாறியது. 1962-ல் குந்தாவில் சிறு விவசாயிகளுக்கான கூட்டுறவுத் தேயிலை ஆலை வந்தது. இன்று இப்படி 16 ஆலைகள், அவற்றுக்கு மேலே இண்ட்கோசர்வ் என்ற இணையம். ரேஷன் கடையில் பார்க்கும் 'ஊட்டி டீ' பாக்கெட் அங்கிருந்து வருவதுதான். ஆலையின் இயக்குநர் தேர்தலில் நிற்பதுதான் பல விவசாயிகளின் முதல் தேர்தல். ஆலை உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பார்கள், போனஸ் எங்கே என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வரும், தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவன் மாமன், மச்சான், பக்கத்துத் தோட்டக்காரன். வாய்ஜாலம் அங்கே செல்லாது. மேடைப் பேச்சில் தேறியவர்களைவிட இந்தக் கூட்டத்தில் தப்பித்தவர்கள் பின்னாளில் கோப்பு படிக்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் கருத்து.

அடுத்த படி ஊராட்சி. 21 வயது முடிந்திருந்தால் போதும். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சி வரும். இடங்களில் பாதி பெண்களுக்கு. நீலகிரியில் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. இப்படி இடைவெளி விழும்போதெல்லாம் கீழிருந்து மேலே ஏறும் ஏணியில் ஒரு படி காணாமல் போகிறது. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

பிறகு கட்சி, சீட்டு. எம்.எல்.ஏ. ஆக 25 வயது வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். செலவு வரம்பு 40 லட்சம். இரண்டு ஏக்கர் தேயிலைக்காரர் அந்தத் தொகையை எங்கே பார்ப்பார்? ஆகவே கட்சியின் தயவு இல்லாமல் நடக்காது, கட்சியோ சாதிக் கணக்கும் கைச்செலவும் பார்த்துத்தான் சீட்டுத் தரும்.

கட்சிகளை நம்பாமல் விவசாயிகளே தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோவை வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. 1972-ல் கோவை நகரை மாட்டு வண்டிகளால் நிறைத்து மின்கட்டணப் போராட்டம் நடத்தியவர். அவர் பின்னால் திரண்ட கூட்டம் எந்தக் கட்சிக்கும் பொறாமை தரும். 1982-ல் தனிக் கட்சி தொடங்கினார். 1984 தேர்தல் பிரசாரத்தின்போதே இறந்துபோனார். சங்கத்தில் ஒன்றாக நின்ற விவசாயி, வாக்குச்சாவடிக்குள் போனதும் கட்சிக்காரனாகவும் சாதிக்காரனாகவும் பிரிந்துவிட்டான். போராட்டக் கூட்டமும் ஓட்டுக் கூட்டமும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை அவர் அளவுக்கு விலை கொடுத்துக் கற்றவர் யாரும் இல்லை.

இனி நம் விவசாயி ஜெயித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். டீக்கடைப் பேச்சுக்கு இப்போது வரலாம்: விலை ஏறுமா?

பச்சைத் தேயிலை விலை கோட்டையில் தீர்மானமாவதில்லை. தேயிலைத் தொழில் 1953 ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் பிடியில் இருக்கிறது. வர்த்தக அமைச்சகத்தின் கீழ் தேயிலை வாரியம், அதன் மண்டல அலுவலகம் குன்னூரில். தூள் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்து இலைக்கு மாதாந்திரச் சராசரி விலையை வாரியம் அறிவிக்கும். கணக்கு இப்படி: தூள் விற்ற பணத்தில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு ஆலைக்கு. நான்கு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூள் 120 ரூபாய்க்குப் போனால் விவசாயியின் பங்கு 78. அதை நாலால் வகுத்தால் இலை கிலோவுக்கு 19 ரூபாய் 50 காசு. 2023-ல் மலை முழுவதும் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், தூள் ஏலத்தில் 206 ரூபாய்க்குப் போக வேண்டும். ஏலத்தில் கை தூக்குகிறவரைச் சட்டசபையால் கட்டாயப்படுத்த முடியாது. எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் 'விலை வாங்கித் தருவேன்' என்று பேசினால், இந்த 206 எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். மீதியை மானியமாகத் தருவார்களா, யார் தருவார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

அப்படியானால் சட்டசபையில் அவருக்கு என்னதான் வேலை? அங்கேதான் தராசில் நின்ற அனுபவம் உதவும். கேள்வி நேரத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து "பச்சைத் தேயிலைக்கு உரிய விலை கிடைக்க அரசு ஆவன செய்யுமா?" என்று கேட்டால், "அது ஒன்றிய அரசின் தேயிலை வாரியம் தொடர்புடையது, கடிதம் எழுதி வலியுறுத்தப்படும்" என்று அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். கதை முடிந்தது. விஷயம் தெரிந்த உறுப்பினர் துணைக் கேள்வியை வேறு இடத்தில் போடுவார். கூட்டுறவு ஆலைகள் மாநில அரசின் சிறுதொழில் துறையின் கீழ் வருகின்றன. ஆகவே: இண்ட்கோ ஆலைகளில் உறுப்பினர்களுக்கு எத்தனை மாத நிலுவை? பழைய இயந்திரங்களை மாற்ற எவ்வளவு ஒதுக்கீடு? ரேஷனுக்கு மாதம் எத்தனை டன் ஊட்டி டீ வாங்கப்படுகிறது, அதைக் கூட்ட முடியுமா? இந்தக் கேள்விகளுக்குத் 'தில்லியைக் கேளுங்கள்' என்று சொல்ல முடியாது. கூட்டுறவு ஆலைக்கு இலை தரும் உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் மாநில அரசு மானியமாக அறிவித்தது இந்த வகைக் கதவு வழியாகத்தான். 33.50 கேட்டவருக்கு 2 ரூபாய் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்பதை அது காட்டுகிறது.

அமைச்சர் "பரிசீலித்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சொல்லிவிட்டால் பலர் அதைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. அவையில் அமைச்சர் தரும் வாக்குறுதிகளைத் தொடர்ந்து கவனிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று அதிகாரிகளை வரவழைத்துக் கேட்கும், மாவட்டங்களுக்கும் நேரில் வரும். செய்தித்தாளில் மூலையில் ஒரு பத்தி வந்தால் அதிகம். என்னைக் கேட்டால் புதிதாகப் போகும் விவசாய உறுப்பினர் மைக் பிடித்துப் பேசும் நேரத்தைவிட இந்தக் குழுவில் உட்காரும் நேரத்துக்கு ஆசைப்பட வேண்டும்.

கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும், 1985-லிருந்து அதுதான் நிலை. ஆகவே வாக்கெடுப்பில் அவர் சுதந்திரம் குறைவு, கேள்வியில் சுதந்திரம் கொஞ்சம் அதிகம். தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தோன்றும். மலைச்சரிவில் தடுப்புச் சுவரும் சாலையும் போட்டால் எத்தனை தூரம் வரும் என்று மழைக்காலத்தில் கோத்தகிரிச் சாலையில் ஒருமுறை போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாநிலத்தின் கை உண்மையில் ஓங்கி இருப்பது நிலத்தில். நிலம் மாநிலப் பட்டியலில் வருவது. இதற்கு நல்ல உதாரணம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வர். விவசாயி என்றே அறியப்பட்டவர், எளிமைக்குப் பேர் போனவர். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் அவர் காலத்தில், 1948-ல் வந்தது. தேயிலை விலையைத் தொட முடியாத சட்டசபை, பரம்பரை நில உரிமையையே மாற்றி எழுதியது.

அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றுபோனது கூடலூர். அங்கே இருந்தது நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். அதற்கென்று தனிச் சட்டம் 1969-ல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1974-ல். வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. குத்தகை நிலங்களைப் பற்றிய 17 ஆம் பிரிவில்தான் எல்லாம் சிக்கியது. 'செக்‌ஷன் 17' என்று சொன்னால் கூடலூர், பந்தலூரில் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். பெரிய தோட்டங்களின் குத்தகையோடு, அங்கே குடியேறிப் பல தலைமுறை கண்ட சிறு விவசாயிகளும் அந்தப் பிரிவுக்குள் மாட்டிக்கொண்டார்கள். பட்டா இல்லை. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் இழுபறி, மின் இணைப்பு இழுபறி. ஒரு பக்கம் வனத்துறை, இன்னொரு பக்கம் யானை வழித்தடம், நடுவில் வீடு.

கூடலூரில் நிற்கும் வேட்பாளர் ஒவ்வொருவரும் இதைத் தீர்ப்பேன் என்றுதான் சொல்வார். தேயிலை விலை போல இதைத் தில்லி பக்கம் தள்ளிவிட முடியாது, சட்டம் மாநிலத்துடையது. ஆனால் காடு 1976-லிருந்து பொதுப்பட்டியலில் இருக்கிறது, அதில் ஒன்றிய அரசுக்கும் அதிகாரம் உண்டு. ஆகவே உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், அவர் விவசாயியோ வக்கீலோ, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 17 ஆம் பிரிவில் எந்த நிலத்தைக் காடாக விடப் போகிறீர்கள், எதற்குப் பட்டா தரப் போகிறீர்கள், கூட்டுறவு ஆலையில் நீங்கள் உறுப்பினரா, கடைசியாக எந்தப் பேரவைக் கூட்டத்துக்குப் போனீர்கள்? கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல அவருக்கு ஆலோசகர் தேவைப்படாது.